ஊருக்குள்ள போகாது

அந்தப் பெரிய ஊரின் பெயரை இந்தக் கதையில் சொல்லப் போவதில்லை. அவர்கள் நம்முடைய ஊர்ப் பெயரை என்றைக்காவது வாய் நிறையச் சொல்லியிருந்தால் நாமும் சொல்லலாம், சொல்லாதவர்களுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது, பெரிய ஊர் என்றே இருக்கட்டும். நம்முடைய ஊர் மஞ்சணத்தூர். வீட்டு வரி கட்டும்போது மாநகராட்சி, குழாயைத் திறந்து பார்த்தால் பட்டிக்காடு. லிஃப்ட் வைத்த ஜவுளிக்கடை உண்டு, கலெக்டர் ஆபீஸ் உண்டு, ஏசி தியேட்டர் உண்டு, மந்திரி வந்து ரிப்பன் வெட்டிய புது பஸ் ஸ்டாண்டு உண்டு, அந்த பஸ் ஸ்டாண்டில் பெரிய ஊர் என்று போர்டு தொங்குகிற இடத்தில் ஆடுகள் படுத்து அசைபோடும், ஏனென்றால் பைபாஸ் ரோடு போட்ட நாளிலிருந்து தூரத்து பஸ் ஒன்றுகூட ஊருக்குள் வருவதில்லை.

பெரிய ஊர் ஸ்டாண்டில் போய் நின்று பாருங்கள், தெரியும். கண்டக்டர் படியை அடைத்து நின்றுகொண்டு, "கடைசி ஊர் டிக்கெட் மட்டும் ஏறு, இடையில இறங்குறவங்க ஏறாதீங்க" என்று கத்துவான். மஞ்சணத்தூர்க்காரர்கள் பந்தியில் இலை கிடைக்காத விருந்தாளிகளைப் போலப் பையைக் கட்டிக்கொண்டு கீழே நிற்பார்கள். வண்டி நகர ஆரம்பித்த பிறகு, சீட்டு மிச்சமிருந்தால், "சரி சரி, ஏறித் தொலைங்க" என்பான். ஓடி ஏறவேண்டும். ஏறி, கடைசி ஊர் வரைக்குமான முழு டிக்கெட்டை வாங்கவேண்டும். அப்புறம் பைபாஸ் பாலத்தடியில் விசில் அடித்து, "மஞ்சணத்தூர்" என்றுகூடச் சொல்லாமல், "பைபாஸ் எல்லாம் இறங்கு, ஊருக்குள்ள போகாது" என்பான். தெருக்குழாயில் ஒரு குடம் முன்னே வைத்ததற்கு மூன்று தலைமுறைக்குப் பேச்சை முறித்துக்கொள்கிற நம் ஆட்கள், இதற்கு மட்டும் பூனையாக இறங்கி, "பாவம், அவனுக்கும் டைமிங்னு ஒண்ணு இருக்குல்லா" என்று அவனுக்காக நியாயம் பேசிக்கொண்டே மூன்று கிலோமீட்டர் நடப்பார்கள்.

அப்படி நடந்தவர்களில் ஒருத்திதான் மாவு மில் பிரமு. முழுப்பெயர் பிரமநாயகி. காலையிலிருந்து சாயங்காலம் வரை மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, கோதுமையா கேப்பையா என்று கேட்டு வளர்ந்த தொண்டை. அவள் மில்லில் கூப்பிட்டால் அடுத்த தெருவில் பால் பொங்கும் என்பார்கள். அவள் வீட்டுக்காரர் சண்முகையா, அவளுக்கு நேரெதிர், பேசவே யோசிப்பார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் பெரிய ஊருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தால்தான் அடுத்த மூணு நாலு நாள் மூச்சுவிடலாம்.

ஏன், நம் ஊர் பெரியாஸ்பத்திரியில் அந்த மிஷின் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தண்ணீர் சுத்தம் பண்ணுகிற தொட்டியோடு வந்து இறங்கியதற்கு மாலை போட்டு, போட்டோ எடுத்து, பிளாஸ்டிக் உறையை மாட்டி ஓர் அறையில் பூட்டிவைத்திருக்கிறார்கள். அதை ஓட்டுவதற்கென்று வேலைக்கு எடுத்த மெர்லின் இதே ஊர்ப் பெண், சம்பளம் இந்த ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் வருகிறது, ஆனால் ஆளை மட்டும் 'தற்காலிகமாக' பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு நாலு வயது. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மிஷினை ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று சொல்லி, மறுபடி உறையை மாட்டிவிட்டுப் போவாள். ஆக, மஞ்சணத்தூர் சண்முகையா மஞ்சணத்தூர் மெர்லினிடம் ஊசி குத்திக்கொள்ள, இரண்டு பேரும் பெரிய ஊருக்குப் பஸ் ஏறவேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

ஒரு செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில், பெரிய ஊரிலிருந்து அவர்கள் திரும்பி வந்த பஸ் பாலத்தடியில் நின்றது. ஆட்டோ இல்லை, நிழல் இல்லை. சண்முகையாவுக்கு ஊசி குத்திய கையில் கட்டு, கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி, நடக்க மாட்டாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேண்டாம், ஊர் வாசல் ஆர்ச் வரைக்குமாவது விட்டுருங்க" என்றாள் பிரமு.

"ஊருக்குள்ள போகாதும்மா."

"முழு டிக்கெட்டு வாங்கினீங்கல்லா?"

"டிக்கெட்டு டிக்கெட்டு. ரூட்டு ரூட்டு. டைம் ஆகுது, இறங்குங்க." அந்தக் கண்டக்டர் பெயர் தளவாய். எந்த ஊர்ப் பேச்சு என்று கண்டுபிடிக்க முடியாதபடி, வெள்ளையடித்த சுவர் மாதிரியான பேச்சு. விசிலை அடித்தான். சண்முகையா இறங்கினார், இரண்டு எட்டு வைத்தார், அப்படியே மைல்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிரமு புருஷனைப் பார்த்தாள். போகிற பஸ்ஸைப் பார்த்தாள். மாவு மில்லில் இத்தனை வருஷம் சேர்த்து வைத்த தொண்டை முழுவதையும் திறந்து, "எங்க ஊரைத் தள்ளிவிட்டுட்டு நீ எப்படிலே தாண்டிப் போயிருவே? போ, பாப்போம்!" என்று கத்தினாள். மண்ணை வாரித் தூற்றவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். பஸ் தெற்கே ஓடைப் பாலத்தைத் தாண்டி மறைந்தது.

அவள் முந்தானையால் சண்முகையாவுக்கு விசிறிக்கொண்டிருக்கும்போதே வடக்கே பஞ்சுமில் பக்கத்திலிருந்து அதே பஸ் வந்தது. அதே கண்ணாடி விரிசல், முன்னால் தொங்கும் அதே எலுமிச்சம்பழம், அதே தளவாய். வேகமாகக் கடந்து தெற்கே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வடக்கேயிருந்து வந்தது. மூன்றாவது தடவை வரும்போது டிரைவர் அந்தோணி வண்டியை மெதுவாக்கி, ஜன்னல் வழியாக, "ஏம்மா, இந்த ரோடு நேராத்தானே போவுது?" என்று பிரமுவிடமே வழி கேட்டார்.

"நேராத்தான் போவுது" என்றாள் பிரமு. அந்நேரம் வந்த வாழைக்காய் வேனில் புருஷனை ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

ஓடைப் பாலம் தாண்டினால் பஞ்சுமில் வந்துவிடுகிறது என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. லாரி போனது, கார் போனது, மாட்டுவண்டி போனது, அந்த ஒரு பஸ் மட்டும் தாண்டவில்லை. டீசல் முள் இறங்கவில்லை, டயர் தேயவில்லை. உள்ளேயிருந்த பெரிய ஊர்க்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பெட்டி படுக்கையோடு பைபாஸில் இறங்கி, தார் உருகும் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நடந்து ஊருக்குள் வந்து, "என்ன சார் ஊர் இது, இவ்வளவு தூரம் நடக்கவிடுறாங்க, கேக்க ஆளில்லையா?" என்று டீக்கடையில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினார்கள். நம் ஆட்கள் சந்தோஷமாக ஆளுக்கொரு டீ வாங்கிக்கொடுத்து, "அப்படித்தான் சார், பழகிரும்" என்றார்கள்.

சரி, இவ்வளவு ஆகிவிட்டதே, இனி ஊர் ஒன்றாகச் சேர்ந்து நின்று அந்த வண்டியை உள்ளே திருப்புவார்கள் என்று பிரமு நினைத்தாள். எங்கே! மறுநாளே பஞ்சுமில் வேலைக்காரர்கள் அதில் ஏறிப் போக ஆரம்பித்தார்கள், டவுன் பஸ்ஸைவிட ஒழுங்காக வருகிறது என்று பேர் வேறு. காலேஜ் பிள்ளைகள் பாட்டுப் போட்டுக்கொண்டு நாலு சுற்று சுற்றினார்கள். சேவு விற்கிற முத்துக்கருப்பன் கூடையோடு பஸ்ஸிலேயே குடியேறிவிட்டான். கல்யாணம் ஆகாத பெண்களை வைத்திருந்தவர்கள், ஊரையே வலம் வருகிற வண்டி என்று அதன் முன்னால் தேங்காய் உடைத்தார்கள். 'எங்கள் மாநகரைச் சுற்றிவரும் பேருந்தே, வருக வருக' என்று கவுன்சிலர் கைகூப்பிச் சிரிக்கிற ஃபிளெக்ஸ் ஒன்று ஓடைப் பாலத்திலும் ஒன்று பஞ்சுமில்லிலும் நின்றது. பிரமுவின் மில் வாசலில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அதை எடுத்து ஊறுகாய் போட்டாள்.

"அடப் பாவிகளா, நான் உள்ள வரச் சொன்னேன். நீங்க சுத்தவிட்டு வேடிக்கை பாக்கியளே! பஸ் வந்தாப் போதும்னு சொன்னா, பஸ்ஸுக்குப் பூஜை பண்ணுதியளே!" என்று மில் வாசலில் நின்று கத்தினாள்.

"நீங்க எதுக்கு மைனி டென்ஷனாகுதிய, நம்ம ஊரு பேரு டிவியில வருது" என்றார் பக்கத்துக் கடை செல்போன் ரிப்பேர்க்காரர்.

டிவியில் வந்ததும் பெரிய ஊரிலிருந்து ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். குடிதண்ணீர் இல்லாத கோடையில் வராதவர்கள், சாக்கடை வீட்டுக்குள் புகுந்த மழையில் வராதவர்கள், பஸ் ஒன்று லேட்டானதும் வந்துவிட்டார்கள். ஆர்ச்சடியில் பந்தல் போட்டு, இளநீர் குடித்து, பிரமுவைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"நீங்க வாபஸ் வாங்கிக்கிட்டா சரியாயிடும்னு சொல்றாங்க" என்றார் கண்ணாடி போட்ட அதிகாரி.

"அது எதுக்குங்க? வண்டிய உள்ள திருப்பினாலே சரியாயிரும்."

"அதெப்படிம்மா, இன்னைக்கு ஒரு தடவை உள்ள வந்தா நாளைக்கும் வரணும்பீங்க."

"ஆமா" என்றாள் பிரமு.

அதிகாரி அவளை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் போலப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறி, மற்ற பஸ்களாவது மாட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று அத்தனையையும் கிழக்கே போகிற வேறு ரோட்டுக்குத் திருப்பிவிட உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து பெரிய ஊருக்குப் பஸ்ஸே இல்லை. டாக்ஸிக்காரர்களும் தங்கள் வண்டி சுழலில் மாட்டினால் என்ன செய்வது என்று பயந்து வர மறுத்தார்கள்.

இப்போதுதான் பிரமுவுக்குப் பயம் வந்தது. வெள்ளிக்கிழமை வாழைக்காய் வேன்காரர் பெரிய மனசு பண்ணி, சண்முகையாவைத் தார்களுக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை வேனுக்கு லோடு வேறு பக்கம். சண்முகையாவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது, முகம் உப்பிவிட்டது. பிரமு அவரை ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மெர்லினும் பஸ் இல்லாமல் வீட்டில்தான் இருந்தாள், கூடவே வந்தாள்.

"மிஷின் இருக்கு, இந்தப் பிள்ளையும் இருக்கு. போட்டுவிடுங்க சார்" என்றாள் பிரமு.

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "ஆர்டர் இல்லம்மா. இவங்க இங்க வேலை பார்க்கணும்னா அங்கேயிருந்து ஆர்டர் வரணும். நான் பெரிய ஊருக்கு ரெஃபர் பண்ணிடறேன்." தலைவலிக்கும் அதைத்தான் எழுதுவார், பிரசவத்துக்கும் அதைத்தான் எழுதுவார், அந்த ஒரு சொல்லை எழுதி எழுதியே அவர் பேனாக்கள் தீர்ந்தன. எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

அன்று இரவு முழுக்கச் சண்முகையா உட்கார்ந்தே இருந்தார், படுத்தால் மூச்சு முட்டியது. பொழுது விடிகிற நேரத்தில், "பிரமு, நீ சொன்னதை வாபஸ் வாங்கிருதியா?" என்று கேட்டார். அவராக வாய் திறந்து கேட்ட ஒன்றே ஒன்று அது.

அவளுக்கு அழுகை வந்தது. "வாங்கிருதேன். வாங்கினா அவன் போயிருவான். அடுத்த செவ்வாய்க்கிழமை உங்களை அதே வெயில்ல எறக்கி விடுவான். அதுக்கடுத்த வெள்ளிக்கிழமையும். சொல்லுங்க, வாங்கிரட்டா?"

சண்முகையா யோசித்தார். "வாங்காத" என்றார்.

புதன்கிழமை காலை வெயில் ஏறும்போது அவரைக் கைத்தாங்கலாகப் பைபாஸுக்குக் கொண்டுபோய், மெர்லினையும் கூட்டிக்கொண்டு, வடக்கேயிருந்து வந்த பஸ்ஸின் குறுக்கே நின்றாள். பஸ் நின்றது. உள்ளே முத்துக்கருப்பன் சேவுக் கூடையோடு இருந்தான், நாலைந்து மில்காரர்கள் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். தளவாய் தாடி வளர்ந்து, சட்டையெல்லாம் உப்புப் பூத்து, வண்டியை விட்டு இறங்கினால் வேலை போய்விடும் என்று பிஸ்கட்டும் தண்ணீருமாகச் சுற்றியவன், பழக்க தோஷத்தில் வாயைத் திறந்து, "ஊருக்குள்ள போகாது" என்றான்.

"தெரியும். ஏத்து. நீ உள்ள திருப்புத வரைக்கும் நாங்க இறங்க மாட்டோம்" என்றாள் பிரமு. மூன்று பேரும் ஏறினார்கள். வண்டி சுற்ற ஆரம்பித்தது. ஓடைப் பாலம், பஞ்சுமில், ஓடைப் பாலம், பஞ்சுமில். சண்முகையாவின் மூச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் கூடியது. மெர்லின் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் தாங்காதுக்கா" என்றாள்.

அப்போதுதான் அது நடந்தது. இத்தனை நாள் பிஸ்கட் தின்று நாக்குச் செத்துப்போன தளவாய், தாங்கமுடியாமல் முத்துக்கருப்பனிடம் ஒரு பொட்டலம் சேவு கேட்டான். முத்துக்கருப்பன் அள்ளிப் போட்டான். தளவாய் பொட்டலத்தை வாங்காமல், கையை நீட்டியபடியே, "தூளு மேல" என்றான்.

பஸ்ஸே நிமிர்ந்து உட்கார்ந்தது. கூடையின் அடியில் சேர்கிற பூண்டு மணக்கிற தூளை ஒரு கை அள்ளிப் பொட்டலத்துக்கு மேலே சும்மா போடச் சொல்லிக் கேட்பது மஞ்சணத்தூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்தான். வேறு எந்த ஊரிலும் அப்படிக் கேட்டால் கடைக்காரன் முறைப்பான்.

பிரமு எழுந்து வந்தாள். "நீ எந்த ஊரு?"

"பெரிய ஊருக்குப் பக்கம்."

"பக்கம்னா எது?"

"பக்கம்தான்மா. சின்ன இடம். சொன்னா தெரியாது."

"எனக்குத் தெரியும். சொல்லு. எந்தத் தெரு?"

தளவாயின் பேச்சில் வெள்ளையடித்தது உதிர்ந்துவிட்டது. "பால்பண்ணைத் தெரு" என்றான். பிறகு கொட்ட ஆரம்பித்துவிட்டான். "ஊரு பேரைச் சொன்னா அது எங்க இருக்குன்னு கேக்கான்க்கா. டிப்போவுல என் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரிக்கான். பொண்ணு பாக்கப் போன எடத்துல, அதெல்லாம் ஒரு ஊரான்னாங்க. பக்கம்னு சொல்லிச் சொல்லி அப்படியே பழகிட்டு. நான் என்ன பண்ண?"

"அதுக்கு?" என்றாள் பிரமு. "உன்னைப் பாத்துச் சிரிச்சவனை நீ ஒண்ணும் கேக்கல. எம்புருசனை வெயில்ல எறக்கிவிட்ட. ஏழு எழுத்து பேருலே அது, தொண்டையில சிக்கிக்கிட மஞ்சள் கிழங்கா? உன்னப் பெத்தவ இன்னும் அந்தத் தெருவுலதானே இருக்கா? பஸ் வாசல்ல வந்து எறங்குவான் மகன்னு பாத்துக்கிட்டு? நீ இத்தனை நாளா அவளைச் சுத்திச் சுத்தி வாரியே, வெக்கமா இல்லையாலே?"

டிரைவர் அந்தோணி திரும்பாமலே, "தளவாய், விசில் உன்கிட்டதான் இருக்கு. நீ அடிச்சா நான் திருப்புவேன். எனக்குக் கையெல்லாம் மரத்துப் போச்சு" என்றார்.

ஆர்ச் பிரிவு கண்ணுக்குத் தெரிந்தது. தளவாய் படியில் போய் நின்றான். விசிலை வாயில் வைத்தான், எடுத்தான். சண்முகையாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தளவாய் கண்ணை மூடிக்கொண்டு, ஆளில்லாத ரோட்டுப் பக்கம் திரும்பி, தெருவில் விளையாடிய காலத்துக் குரலில், "மஞ்சணத்தூர்! மஞ்சணத்தூர் பஸ் ஸ்டாண்டு! மஞ்சணத்தூரெல்லாம் ஏறு!" என்று கத்தி விசிலை ஊதினான். வண்டி திரும்பியது.

ஆர்ச்சுக்குள் நுழைந்ததும் ஊர் ஓடி வந்தது. கடைக்காரர்கள் கல்லாவை விட்டு இறங்கி ஓடினார்கள், கவுன்சிலர் மாலையோடு ஓடினார், மேளம் எங்கிருந்தோ முளைத்தது, பஸ் ஸ்டாண்டு ஆடுகளை முன்கூட்டியே துரத்திவிட ஒரு கூட்டம் ஓடியது. பெரியாஸ்பத்திரி வாசல் வந்தபோது, "இங்க நிறுத்து" என்றாள் பிரமு. அவளும் மெர்லினும் சண்முகையாவை இறக்கினார்கள். தளவாய் ஒரு பக்கம் தோள் கொடுத்து வராந்தாவரை கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். பஸ்ஸுக்குப் பின்னால் மொத்த ஊரும் கூவிக்கொண்டே போய்விட்டது. துணைக்கு ஒருவரும் நிற்கவில்லை. அதுதான் நம் ஊர்.

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "நேத்தே எழுதிக் குடுத்தேனே? இப்பதான் பஸ் வந்துடுச்சே, கூட்டிட்டுப் போங்க. இருங்க, இன்னொண்ணு எழுதித் தரேன்." பேனாவை எடுத்தார்.

பிரமுவுக்குள்ளிருந்து, பைபாஸில் அன்றைக்கு வந்த அதே மூச்சு ஏறி வந்தது. "எழுதுங்க, பாப்போம்" என்றாள். கத்தக்கூட இல்லை.

பேனா சீட்டில் இறங்கியது. ஒரு வட்டம் போட்டது. டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை அடுத்த எழுத்துக்கு இழுத்தார், அது வரவில்லை, அதே வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் போட்டது. இழுக்க இழுக்கச் சுற்றியது. காகிதம் நைந்து, அடியிலிருந்த காகிதமும் நைந்தது. அவர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பிரமு புருஷனைப் பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நிதானமா எழுதுங்க சார். நாங்க எங்கயும் போகப் போறதில்ல."

டாக்டரின் கை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றக் கையால் அவர் மேஜை டிராயரை இழுத்து, மிஷின் அறைச் சாவியை எடுத்து, மெர்லினிடம் நீட்டினார்.